ஆர்கன் குடித்த காற்று

தெரசாள் டீச்சர் ஆர்கன் கட்டைகளிலிருந்து கையை எடுத்த பிறகும் ஈயக்குண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ராயபுரம் கோயிலில், ஆர்கனுக்குப் பின்னால் பலகைத் தடுப்புக்குள் நின்று துருத்தி அடிப்பது லூர்துவின் வேலை. நூலில் தொங்கும் அந்தக் குண்டு மேலே இருந்தால் உள்ளே காற்று நிறைவு. இறங்கினால் அடிக்க வேண்டும். உலகச் சண்டை முடிந்ததும் கரண்ட் மோட்டார் வரும் என்றார் சாமியார். இந்தா வருது, அந்தா வருது என்று வருஷங்கள்தான் ஓடின.

வீட்டில் மனைவி மதலேனுக்கு மூச்சிழுப்பு முற்றி, விரல்களெல்லாம் நீலம் பாரித்திருந்தன. பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசாவைத் துணைக்கு வைத்துவிட்டு வந்திருந்தான். பிழைப்பாளா என்று நினைத்துப் பார்க்கக்கூட மனசு வரவில்லை. பாழாய்ப்போன மனசு, மரத்துக் கிடந்தது.

"ஜெர்மனியில பாக்னு ஒரு ஆர்கன் மேதை இருந்தார். அவர் வாசிக்கும்போதும் பின்னால ஒருத்தன் காத்து மிதிச்சிருக்கான் லூர்து. அவன் பேரு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் டீச்சர்.

"நம்ம கதையும் அப்டித்தான் டீச்சர்."

சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார். மழை இருட்டிய சாயங்காலம். துறைமுகத்துப் பளுதூக்கியின் கிறீச்சொலியும் கருவாட்டு வாடையும் ஜன்னல் வழியே வந்து, நனைந்த துருத்தித் தோலின் நெடியோடு கலந்து, தடுப்புக்குள் புழுக்கமாய்த் தேங்கின. குண்டு கொஞ்சம் இறங்கியது, நின்றது, துடித்தது, மறுபடி இறங்கியது. அவன் அடிக்க அடிக்க, வாசிக்க ஆளில்லாத ஆர்கன் காற்றைக் குடித்துக்கொண்டே இருந்தது.

எலி தோலைக் கடித்திருக்கும் என்று நினைத்தான். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் துருத்திக்காரனுக்கு ஒரே வழி, அடிப்பதை நிறுத்திவிட்டுத் தோலில் காதை வைப்பது. நிறுத்தினான். காதை வைத்தான்.

காற்று சீறவில்லை. இழுத்தது. விட்டது. திணறி, மறுபடி இழுத்தது.

தெரிந்த சத்தம். ராத்திரி ராத்திரியாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம்.

அடித்திருக்கலாம். கை எழவில்லை. குண்டு அடியைத் தொட்டது. பிறகு அசையவில்லை.

நனைந்த புர்காவோடு ஷரீஃபுன்னிசா தடுப்பருகே வந்து நின்றாள்.

"அண்ணே, வூட்டுக்கு வா. இப்பத்தான்... மூச்சு நின்னுபோச்சு."

அவன் தோலிலிருந்து காதை எடுத்தான்.

"கடைசியா, 'அவர நிறுத்த வேணாம்னு சொல்லு'ன்னிச்சு. இன்னாத்த நிறுத்தறது? எனக்கு ஒண்ணும் புரியல அண்ணே."

லூர்து கைப்பிடியைப் பிடித்தான். அடித்தான். குண்டு ஏறியது. அழுகை வரவில்லை, கைதான் தானாக ஓடியது.

பக்கத்தில் நின்ற ஆர்கனின் பெரிய குழாய்க்குள் ஏதோ சுரண்டியது. நகம். தகரத்தில் நகம். அடியிலிருந்து மேலே.

"அல்லா! உள்ள இன்னா கீது?"

குழாயின் பிளவில் விரல்கள் தெரிந்தன. நீலம் பாரித்த விரல்கள். அவை காற்றுக்காகத் துழாவின, பிளவை அகலப்படுத்தின, தகரத்தை வளைத்தன. லூர்து அடித்துக்கொண்டே இருந்தான்.