வண்டி நிற்கும்

சென்னையில் ஜெயசீலன் கைத்திரையில் செய்தி படித்தபடியே சாலையைக் கடப்பான். வண்டிகள் தாமாக நின்று வழிவிடும். அங்கே எல்லோரும் அப்படித்தான். கம்பத்துக்குக் கம்பம் சாலைக்கண் பொருத்தி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வண்டியை நிறுத்துவது கண்களின் வேலை. ஹாரனையே எடுத்துவிட்டார்கள். சாலை விபத்தில் ஒருவர் சாவது என்பதை அவனும் அவன் மனைவி ரெபேக்காவும் பாடத்தில் படித்ததோடு சரி.

டாக்டரான ரெபேக்காவைக் கல்வராயன் மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றியபோது அவனும் உடன் வந்தான். முதல் வாரமே லாரியில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. இங்கே ஏன் சாலைக்கண் இல்லை என்று ரெபேக்கா நர்ஸ் குப்பம்மாளிடம் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குள் இறப்பவர்களை மட்டும்தான் அரசு விபத்துச் சாவாகக் கணக்கில் சேர்க்கிறது, இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறது, அதனால் அவர்கள் கணக்குப்படி இது ஆபத்தில்லாத வட்டாரம் என்றாள் குப்பம்மாள்.

அன்றிலிருந்து ரெபேக்கா கணவனுக்குச் சாலை கடக்கக் கற்றுக்கொடுத்தாள். அவள் கூட இருந்தால் இருபுறமும் பார்ப்பான். தனியே போனால் மறந்துவிடுவான். பிறந்ததிலிருந்து இல்லாத பழக்கம் எப்படி வரும் என்று சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அவளால் பிறகு மன்னிக்க முடியவில்லை.

ஒரு முற்பகலில் வேடியப்பன் என்ற லாரி டிரைவர் ஜெயசீலனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடிவந்தார். மோதியது பக்கத்து வளைவில்தான் என்பதால் இன்னும் மூச்சு இருந்தது. ரெபேக்காவும் குப்பம்மாளும் எவ்வளவோ போராடினார்கள். மேசையிலேயே மூச்சு அடங்கிவிட்டது.

வேடியப்பன் தப்பி ஓடவில்லை. ரத்தம் காய்ந்த சட்டையோடு வராந்தாவில் நின்றார். என்ன நடந்தது என்று ரெபேக்கா கேட்டாள்.

“ஹாரன் அடிச்சேம்மா. பிரேக்கும் போட்டேன். லோடு வண்டி, இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அவரு என்னைப் பாத்தாரும்மா. பாத்தும் நகரல. வண்டி நின்னுடும்னு இருந்துட்டாரு.”

அவள் போலீசிடம் அவர்மேல் தப்பில்லை என்றாள்.

பல வருடங்களில் அந்த வட்டாரக் கணக்கில் ஏறிய முதல் சாவு அது. இறந்தவன் சென்னைக்காரன் என்பதால் செய்தியும் ஆனது. அடுத்த கோடைக்குள் சாலை நெடுகக் கண் நட்டார்கள். வேடியப்பனுக்கும் தானே நிற்கும் லாரி கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் இன்னும் எதுவும் இல்லை. அங்கே யாரும் ஆஸ்பத்திரி வரை வந்து சாகவில்லை.

ரெபேக்கா மாற்றல் கேட்கவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எதிர்ப்புறம் குப்பம்மாள் தன் மகளின் கையை விடுவதைப் பார்த்தாள். சிறுமி எந்தப் பக்கமும் திரும்பாமல் குறுக்கே நடந்தாள். வண்டிகள் நின்றன.

லீவு விட்டதும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்கு மகளை அனுப்பப்போவதாகச் சொல்லிக்கொண்டே வந்தாள் குப்பம்மாள்.

“கையப் பிடிச்சே கூட்டிட்டு வாங்க, குப்பம்மா,” என்றாள் ரெபேக்கா.

குப்பம்மாள் சிரித்தாள். “எதுக்குங்கம்மா? அதான் தானா நிக்குதுங்களே.”