ஒரு குடம் தண்ணீர், ஒரு சிரட்டை நெருப்பு

“உலகத்துல எல்லாமே அழிஞ்சுபோச்சு. கடை இல்ல, கரண்ட் இல்ல. இப்ப கஞ்சி வைங்க பார்ப்போம்!”

சொர்ணலதா டீச்சர் இப்படிச் சொல்லி இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. காமயகவுண்டன்பட்டிப் பள்ளியின் ஆறாம் வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்து மைதானத்தில் திண்டாடிக்கொண்டிருந்தது. தீப்பெட்டி கூடாது. குழாய்த் தண்ணீர் கூடாது. வாய்க்கால் தண்ணீரைத்தான் தெளியவைக்க வேண்டும். பதினொரு மணிக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு வந்துவிடுவார்கள்.

தேவயானியின் அணியில் தண்ணீர் தயார். கரியையும் மணலையும் அவள் ஏழு தடவை கழுவி, ஓட்டைப் பானையில் அடுக்கி, ஒரு குடம் நிறையத் தெளிந்த நீர் இறக்கிவிட்டாள்.

ஆனால் நெருப்பு? அது பெரியப்பா மகன் தமிழ்மாறனின் பொறுப்பு. அவளைவிட மூன்றே மாதம் மூத்தவன். அதை முப்பது வருஷமாக நினைத்துக்கொள்வான். கட்டையில் குச்சியை வைத்துக் கடைந்துகொண்டே இருந்தான். புகைகூட வரவில்லை.

“அண்ணே, கையில கொப்புளம் வந்திருச்சு. விடு.”

“இந்தா, இப்ப வந்திரும்.”

“ஒம்போது மணியில இருந்து இதையேதான் சொல்ற!”

எதிர் அணியில் அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. சிக்கிமுக்கிக் கல்லை இரும்பில் தட்டி, இலவம் பஞ்சில் பொறி பிடித்துவிட்டாள் மகிமா. ஆனால் அவர்கள் கரியைக் கழுவவில்லை. பானையில் இருந்தது தண்ணீரா மையா என்று தெரியவில்லை.

“அங்கன போயி நெருப்புக் கேப்பமா?” என்றாள் தேவயானி.

தமிழ்மாறன் துள்ளி எழுந்தான். “நம்ம வீட்டாளுக அடுத்தவுக வாசல்ல கேட்டு நின்னிருக்காகளா? பெரியவுக பேரு என்னாகும்?”

தேவயானி பல்லைக் கடித்துக்கொண்டு மகிமாவிடம் போனாள். “தண்ணி தரட்டுமா?”

“வேணாம். நாங்களே தெளிய வைப்போம்” என்றாள் மகிமா. அவள் மூக்குக்குக் கீழே கரி மீசை.

‘கல்லை உரசினாலாவது தீ வரும். இந்த இரண்டு பேரை என்ன செய்ய?’

அதற்குள் வரிசை வந்துவிட்டது. முன்னால் குட்டிப் பையன் சுருளி தட்டைத் தட்டிக்கொண்டே வந்தான். “அக்கா, பசிக்குது!”

சட்டென்று அவளுக்குத் தோட்டம் ஞாபகம் வந்தது. போன வாரம் பெரியப்பா தண்ணீர் பாய்ச்சும் தன் செவ்வாய்க்கிழமை முறையைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய வெள்ளிக்கிழமை முறையை வாங்கிக்கொண்டார். யாரும் தலைகுனியவில்லையே!

மைதானத்தின் நடுவில் நின்று கத்தினாள். “யாரும் யாருகிட்டயும் கேக்க வேணாம். முறை மாத்திக்குவோம்! எங்க தண்ணியில பாதி உங்களுக்கு. உங்க நெருப்புல ஒரு சிரட்டை எங்களுக்கு. சம்மதமா?”

மகிமா தன் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தாள். தமிழ்மாறன் தன் கொப்புளத்தைப் பார்த்தான்.

“முறை மாத்துறதுன்னா சரி” என்றான் அவன், பெரிய மனது பண்ணியவனைப் போல.

சிரட்டையில் தணல் வந்தது. குடத்தில் பாதி போனது. இரண்டு அடுப்பிலும் கஞ்சி கொதித்தது. கொதிக்கிற நேரத்தில் தமிழ்மாறன் மெதுவாக மகிமா பக்கம் நகர்ந்தான்.

“அந்தக் கல்ல எப்பிடித் தட்டணும்?”

“சொல்றேன். கரிய எத்தன தடவ கழுவணும்?”

சுருளி மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டியபோது டீச்சர் கேட்டார்: “யார் யாருக்கு உதவி செஞ்சீங்க?”

தமிழ்மாறன் நெஞ்சை நிமிர்த்தினான். “உதவியா? நாங்க யாருகிட்டயும் எதுவும் கேக்கல டீச்சர்!”

தேவயானி தலையில் அடித்துக்கொண்டு, முதலில் அண்ணனின் தட்டில் கஞ்சியை ஊற்றினாள்.