வெள்ளிக் குழந்தை

கண்ணாடிப் பெட்டிக்கு உள்பக்கம், வெள்ளிக் குழந்தையின் முகத்துக்கு நேராக மட்டும், கொஞ்சம் பனி பூத்திருந்தது. ஜெயராணி துணியால் துடைத்தாள். போகவில்லை. வெளியே ஆவூர்ச் சாலையில் தார் உருகுகிற வெயில். பூட்டிய பெட்டிக்குள் ஈரம் எப்படி வந்தது என்று யோசித்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

கோயில் அருங்காட்சியகத்தைத் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நோய் தீர வேண்டி ஜனங்கள் அந்தோணியார் பாதத்தில் வைத்த வெள்ளித் தகட்டு உருவங்களை, கண், கை, கால், குழந்தை என்று பிரித்து, கறை போகத் தேய்த்து, சிவப்பு வெல்வெட்டில் அடுக்கியது அவள்தான். திறப்பு விழாவில் ஆயர் அவளைப் பேர் சொல்லிப் பாராட்டினார். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் ஊர் அவளைப் பார்த்த பார்வை அன்றுதான் மாறியது.

"இது சாமான் வைக்கிற எடம் இல்லம்மா, ஜெபம் பண்ற எடம்," என்றிருந்தார் பங்குச் சாமியார் மரியசெல்வம். "யாராச்சும் தாங்க வச்ச காணிக்கையத் திரும்ப அந்தோணியார்கிட்டயே வைக்கணும்னு கேட்டா, எடுத்துக் குடுத்துருங்க."

சகாயமேரி கேட்டாள். இழுப்புக்காரப் பிள்ளை லியோவுக்காக அவள் நேர்ந்து வைத்ததுதான் அந்தக் குழந்தை.

"அது அவரு காலடியில கெடந்த வரைக்கும் எம்புள்ள நல்லா மூச்சு விட்டான்க்கா. இங்கிட்டு வந்ததுலேருந்து இழுக்குது. குடுத்துருங்கக்கா."

"ஒனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

சாமியார் விசாரித்தபோது, "யாரும் கேக்கல ஃபாதர்," என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் சன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தபோது துக்க மணி அடித்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து லியோவைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். மணி நின்றது. பழைய மெழுகு வாடையும் வெள்ளி தேய்த்த புளி வாடையும் கலந்து கிடந்த அந்த அறையில், மணி நின்றபின்தான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. தாள் கசங்குவதுபோல. விட்டு விட்டு. பெட்டிக்குள்ளிருந்து.

பக்கத்தில் போனாள்.

குழந்தையின் நெஞ்சுத் தகடு மேலே வந்தது. அமுங்கியது. மறுபடி வந்தது.

வெள்ளி வாய் திறந்திருந்தது. அதை அடித்த தட்டான் வாயைத் திறந்து வைக்கவில்லை.

யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் என்ன சொல்வது? பூட்டைத் திறந்து, அதை எடுத்து முந்தானையில் சுற்றினாள். சூடாக இருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல. விடியும்வரை மடியில் வைத்திருந்தாள். கீழே வைத்தால் இழுப்பு கூடியது.

காலையில் துக்க வீட்டுக்குப் போனாள். எல்லாரும் சுற்றி வந்து பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தார்கள். அவள் முறை வந்தபோது, குனிந்து, வெள்ளிக் குழந்தையை அவன் சட்டைக்குள் நுழைத்துவிட்டாள். உரியவனிடம் போய்ச் சேரட்டும். அதோடு முடியட்டும்.

சவப்பெட்டி மூடியை ஆணி வைத்து அடித்தார்கள்.

கல்லறையில் சாமியார் தீர்த்தம் தெளித்தார். கயிறு நழுவியது. பெட்டி அடியில் உட்கார்ந்தது. முதல் பிடி மண் விழுந்தபோது, கீழே, பலகைக்குள், ஒரு இருமல்.

ஜெயராணி சுற்றிலும் பார்த்தாள். பாட்டு ஓங்கி ஒலித்தது. யார் முகமும் மாறவில்லை. சகாயமேரி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அக்கா," என்றாள். "உள்ள எம்புள்ள..."

"ஒண்ணுமில்லடி. மண்ணு சரியுது," என்றாள் ஜெயராணி.

குழிக்குள்ளிருந்து பிஞ்சு விரல்கள் பலகையைப் பிறாண்டின. ஜெயராணி குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள். மறுபடி அள்ளினாள்.