கருவூலம் இல்லாத மாளிகை

பொருநை நதி தன் நெடும் பயணத்தை முடித்துக்கொண்டு கடலரசனின் மார்பில் அடைக்கலம் புகும் இடத்திலே, மேற்கே பொதிகை மலைச் சிகரங்களுக்குப் பின்னால் கதிரவன் செந்தணலாய் மறைந்துகொண்டிருக்க, கிழக்கே அலைகளைப் பிளந்துகொண்டு முழுமதி மேலெழுந்த அந்த அந்திப் பொழுதில், செம்மணித் துறையின் மணற்பரப்பைக் கண்ட எவரும் திகைத்து நின்றிருப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை குதிரைகள்! பால் நிறத்தவை, பொன்னிறத்தவை, மழைமேகம் போன்றவை. மேலைக் கடலைக் கடந்து வந்த அந்த உயர்சாதிப் புரவிகள் முளையில் கட்டப்படாமல், சேணமின்றி, கேட்பாரின்றி, அலை நுரையை முகர்ந்து பார்த்து ஏமாந்து தலையை உதறிக்கொண்டிருந்தன.

பதினோரு நாட்களுக்கு முன்பு அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு சிற்றூரின் விளைச்சலுக்கு ஈடாக விலை போனது. பாண்டிய நாட்டுக்கும் வடதிசை அரசு ஒன்றுக்கும் பன்னிரண்டு ஆண்டுகளாக நடந்த போர் அந்தத் துறையைச் செல்வத்தில் மிதக்க வைத்திருந்தது. கையில் பொருள் உள்ளவரெல்லாம் நிலத்தை விற்றார்கள், கலத்தை விற்றார்கள், குதிரை வாங்கினார்கள். பிறகு ஒருநாள் காலை முரசு அறைந்தது. 'போர் முடிந்தது, உடன்படிக்கை ஆயிற்று, மூன்றாண்டுகளுக்கு அரண்மனை இலாயத்துக்குக் குதிரை வேண்டாம்.' நாடே மகிழ்ந்த அந்தச் செய்தி செம்மணித் துறையை மட்டும் இடியாய்த் தாக்கியது. அன்று நண்பகலில் ஒரு புரவிக்கு ஒரு கட்டுப் புல்கூடக் கிடைக்கவில்லை. ஏழு கப்பல்களை விற்றுக் குதிரை வாங்கியிருந்த வணிகர் ஒருவர், தோளில் கிடந்த பட்டுச் சால்வையை ஓடக்கூலியாகக் கொடுத்துவிட்டு அக்கரை சேர்ந்தார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை.

வாசகர்களே, இத்தனை மாளிகைகள் சரிந்த துறையிலே ஒரே ஒரு மாளிகையில் மட்டும் அன்றும் அடுப்பு எரிந்தது. அது சேந்தி நங்கையாரின் மாளிகை. இருபத்தேழு வயதே நிரம்பிய அந்த வணிகத் தலைவி, கைவிடப்பட்ட குதிரைகளுக்கெல்லாம் தன் செலவில் கொள்ளு வேகவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மாளிகை வாயிலை நோக்கித்தான், எளிய குதிரைப் பயிற்சியாளன் வேடத்தில் எயினன் என்ற வாலிபன் நடந்துகொண்டிருந்தான். உண்மையில் அவன் குதிரைப்படைத் தலைவன்; துறையின் அதிகாரியான மழவதரையரின் சகோதரி மகன். பெற்றோரை இழந்த அவனை மடியில் வைத்துச் சோறூட்டி வளர்த்தவர் அந்த மழவதரையர்தாம். அன்று காலையில் அவர் சொன்ன சொற்கள் அவன் செவியில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தன.

"மருமகனே! எல்லாரும் அழிந்தார்கள், அவள் ஒருத்தி மட்டும் அழியவில்லை. எப்படி? உடன்படிக்கை மதுரையில் கைச்சாத்தானது முரசறைவதற்கு எட்டு நாள் முன்பு. அந்த இரகசியத்தை யாரோ அவளுக்கு விற்றிருக்கிறார்கள். அது இராஜத் துரோகம்! அவள் கருவூலம் எங்கே இருக்கிறது, அதில் என்ன ஓலை இருக்கிறது என்று கண்டு சொல். ஒன்பதாம் நாள் நான் படையோடு வருவேன்."

"ஆகட்டும் அம்மான்" என்று எயினன் தலை வணங்கியிருந்தான்.

முற்றத்தில் நின்ற நங்கை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கழுத்தில் ஒரு மெல்லிய சரடு தவிர வேறு அணி இல்லை. கைகளில் வெந்த கொள்ளின் ஆவி மணத்தது.

"குதிரை பழக்குகிறவரா? ஊரில் குதிரைகளுக்கே வேலை இல்லையே ஐயா!"

"வேலை இல்லாத குதிரைகள்தாம் விரைவில் கெட்டுப்போகும், நங்கையாரே. அவற்றை நடத்த ஆள் வேண்டும்."

அவள் கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், துரோகியைப் பிடிக்க வந்த வீரனின் நெஞ்சில் ஏனோ ஒரு நெருடல் உண்டாயிற்று.

எட்டு நாட்கள் அவன் குதிரைகளை நடத்தினான். கண்களை மாளிகைச் சுவர்களில் ஓட்டினான். ஒன்பதாம் நாள் முற்பகலில் நங்கை கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில், மாளிகையின் தெற்குப் பகுதியிலே இரும்புப் பட்டையடித்த கதவொன்றைக் கண்டுபிடித்தான். தாழை விலக்கினான். உள்ளே இருட்டு. கைகளால் துழாவினான். பேழை இல்லை, பொற்கிழி இல்லை, ஓலைச் சுவடி இல்லை. நாலு மூட்டை கொள்ளும், விதை நெல் நிறைந்த ஒரு குதிரும்தான் இருந்தன. பாண்டிய நாட்டுத் தென்கரையின் பெருஞ்செல்வச் சீமாட்டிக்குக் கருவூலமே இல்லை!

"எலி பிடிக்கிறீரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

எயினன் திரும்பினான். நெற்றியில் திருநீறும் கையில் பூத்தட்டுமாக நங்கை நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"எட்டு நாளாக என் சுவர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர். கேட்டிருந்தால் நானே காட்டியிருப்பேனே! வாரும்."

அவனைக் கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு அழைத்துச் சென்றாள். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். மேலே சென்றதும் கடற்காற்று அவன் தலைப்பாகையைப் பறிக்கப் பார்த்தது. நங்கை கையை நீட்டினாள்.

"தெற்கே வெள்ளையாய் மின்னுகிறதே, அந்த உப்பளங்களில் ஒரு பகுதி என்னுடையது. மேற்கே அந்த ஏரி. அதைத் தூர்வாரிக் கரை கட்டியது நான், அதன் பாசனத்தில் விளைவதில் எனக்கு ஒரு பங்கு வரும். வடக்கே சிவப்புத் துணிகள் காய்கின்றனவே, அந்த ஊரில் அறுபது தறிகள். அதோ குன்றின்மேல் வெண்புள்ளிகளாய்த் தெரிபவை ஆடுகள். கடலில் ஒரு பாய் தெரிகிறதா? அந்தக் கலத்தில் எனக்கு எட்டில் ஒரு பங்கு. இப்படி இன்னும் பதினோரு கலங்களில் சிறு சிறு பங்கு உண்டு. முழுக் கலம் ஒன்றுகூட என் பெயரில் இல்லை. ஈழத்தில் ஒரு பாக்குத் தோப்பு, கடாரத்தில் ஒரு பண்டகசாலை. குதிரையில் போட்டது என் உடைமையில் பத்தில் ஒன்று. அது போய்விட்டது. இரண்டு நாள் அழுதேன். பிறகு புல்லுக்கு ஆள் அனுப்பினேன்."

எயினன் அவள் கை காட்டிய திசைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். யானைப் படைகள் அணிவகுத்து நின்றதைக் கண்டவன் அவன்; கோட்டைகள் பற்றி எரிந்ததைக் கண்டவன். ஆனால் காலடியில் கடலும் மலையும் வயலும் விரிந்து கிடக்க, அவற்றின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு பெண்ணின் சிந்தனை வேர் பிடித்து நிற்பதைக் கண்டபோது அவன் மேனி சிலிர்த்தது.

"இதை யார் சொல்லித் தந்தார்கள்?"

"யாரும் இல்லை. என் தந்தையார் இருந்ததையெல்லாம் கற்பூரத்தில் போட்டார். அந்தப் பருவத்தில் இருபது கலங்கள் கற்பூரத்தோடு ஒன்றாக வந்து இறங்கின, விலை மண்ணாயிற்று. அவர் மூட்டைகளை வீதியில் குவித்துக் கொளுத்தினார். ஊரே மணத்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. இன்றும் சந்நிதியில் கற்பூர ஆரத்தி காட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். பார்ப்பவர்கள் பக்தி என்று நினைக்கிறார்கள்."

"ஆனால் ஊரில் சிலர்..." எயினன் தயங்கினான். "உடன்படிக்கை இரகசியம் தங்களுக்கு முன்பே தெரியும் என்கிறார்கள்."

"தெரிந்திருந்தால் முரசறைவதற்கு முதல்நாள் நாற்பது குதிரைகளை வாங்கியிருப்பேனா? நல்ல பைத்தியக்காரி நான்! யாரோ ஓர் அயலூர்த் தரகர், கப்பல் புறப்படுகிறது, அவசரம் என்று மூன்றில் ஒரு பங்கு விலையைக் குறைத்துத் தந்தார். ஆசைப்பட்டுவிட்டேன். வாரும், அவற்றையும் பாரும். நீர் இன்னும் அவற்றை நடத்தவில்லையே."

அக்கரைத் தென்னந்தோப்பில் அந்த நாற்பது குதிரைகளும் நிழலில் நின்றன. எயினன் வேலியைத் தாண்டிய மறுகணம், கன்னங்கரிய புரவி ஒன்று காதுகளை நிமிர்த்திக் கனைத்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவன் தோளில் முகத்தைப் புதைத்துப் பெருமூச்சு விட்டது.

"கார்முகில்!" என்று அவன் வாய் அவனையறியாமல் கூவியது.

அவன் கையால் புல்லூட்டி வளர்த்த குதிரை அது. மழவதரையரின் சொந்த இலாயத்தில் நின்ற குதிரை. எல்லைப்புறப் படைக்கு அனுப்பிவிட்டதாக அல்லவா மாமன் சொல்லியிருந்தார்! எயினனின் உள்ளத்தில் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டு உண்மை எழுந்து நின்றது. உடன்படிக்கை ஓலை முரசறைவதற்கு முன்பே யாருக்கு வந்திருக்கும்? துறை அதிகாரிக்கு. செய்தியை மறைத்தவர், தம் குதிரைகளைத் தரகன் மூலம் தள்ளிவிட்டவர், இப்போது வாங்கியவள் தலையிலேயே துரோகத்தைச் சுமத்தி அவள் உடைமையையும் விழுங்கப் பார்ப்பவர், மூவரும் ஒருவரே.

"குதிரைக்கு உம்மைத் தெரிகிறது. எனக்குத்தான் தெரியவில்லை. நீர் யார் ஐயா?" என்றாள் நங்கை மெல்ல.

"மழவதரையரின் மருமகன். தங்களைச் சிறைப்படுத்துவதற்காக அனுப்பப்பட்ட ஒற்றன்." அவன் தலை குனிந்தான். "இன்று மாலைக்குள் அவர் படையோடு வருவார். மதுரைக்குப் போய் அரசவையில் உண்மையைச் சொல்லித் தங்கள்மேல் விழுந்த இந்தப் பழியைத் துடைக்கும் வரை என் மாமன் வீட்டுச் சோற்றைத் தொடமாட்டேன். இது சத்தியம்!"

"அவர் உம்மை வளர்த்தவர் அல்லவா?"

"ஆம். அதனால்தான் இதை வேறு யாரும் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும்."

நங்கை ஒரு கடிவாளத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவள் கண்களில் நீர் திரண்டது. "பெருவழியில் போகாதீர், பிடித்துவிடுவார்கள். உப்பளத்தின் வழியாகப் போய்க் குன்றேறி, தறியூர் வழியாகச் செல்லும். நங்கையிடமிருந்து வருகிறேன் என்று சொல்லும், போதும்."

கார்முகில் அம்பெனப் பாய்ந்தது. ஆற்றங்கரையில் மழவதரையரின் குதிரைவீரர்கள் அவனைக் கண்டுகொண்டார்கள். தங்கள் தலைவரின் பழைய குதிரைமேல் அவன் துறையை விட்டு விரைவதைக் கண்டதும், பன்னிருவர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். உப்பளத்தில் இறங்கியதும் தொழிலாளி ஒருவர் குறுக்கே ஓடிவந்தார்.

"எங்கய்யா இவ்வளவு வேகமா? அந்தப் பக்கம் சேறு, ஆளை முழுங்கிரும்!"

"நங்கையிடமிருந்து வருகிறேன்!"

"அப்படிச் சொல்லுங்க! என் பின்னால வாங்க, நான் மிதிச்ச இடத்துல மட்டும் குதிரைய விடுங்க."

வெண்ணிற வரப்புகளின்மீது அவர் முன்னே ஓட, கார்முகில் பின்னே சென்றது. துரத்தி வந்தவர்களில் ஏழு பேர் சேற்றில் வயிறு வரை புதைந்தார்கள். மற்ற ஐவரும் குன்றின் அடிவாரத்தை அடைந்தபோது, கணவாய் முழுதும் ஆட்டு மந்தை நிரம்பிக் கிடந்தது. மந்தைக்கு நடுவே நின்ற மேய்ப்பர் காது கேளாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எயினனிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "நாச்சியா சாப்பிட்டாகளா?" தறியூரிலே குதிரையின் கால்களுக்கு எண்ணெய் தடவி, அவனுக்குக் கூழ் கொடுத்து, வேறு சால்வை போர்த்தி அனுப்பினார்கள். ஏரிக்கரை மதகுக் காவலர் குறுக்கு வழி காட்டினார்.

கலங்கரை விளக்கத்தின்மேல் நின்று பார்த்தபோது அது நங்கையின் செல்வம் என்றே அவன் எண்ணியிருந்தான். இப்போதோ, ஒவ்வொரு காதத்திலும் அவளுக்காக ஒரு கதவு திறப்பதைக் கண்டு, தான் பார்த்தது பாதிதான் என்று உணர்ந்து வியந்தான். ஒரு மாளிகையை முற்றுகையிடலாம். ஒரு நாட்டின் உப்பையும் நூலையும் ஆட்டையும் நீரையும் எந்தப் படை முற்றுகையிடும்?

மூன்றாம் நாள் மதுரை அரசவையில், கொலு வீற்றிருந்த பெரியோர் முன் எயினன் தன் வாளைக் கழற்றி வைத்தான். "என் சொல் பொய்யானால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான். அரண்மனைக் குதிரை மருத்துவர் கார்முகிலின் குளம்பைத் தூக்கிப் பார்த்து, "சென்ற ஆனியில் மழவதரையர் இலாயத்தில் நான் ஆற்றிய புண்ணின் வடு இது" என்று சான்று சொன்னார். தரகன் பிடிபட்டான், விசாரணையில் அனைத்தும் வெளிவந்தது. மாமனின் உயிரை மட்டும் எயினன் வேண்டிக் கேட்டான், கிடைத்தது. மழவதரையர் பதவி இழந்து, காவலோடு தம் பூர்வீக ஊருக்கு அனுப்பப்பட்டார். எயினனின் வாளைத் திருப்பித் தந்தார்கள். அவன் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு நாட்களுக்குப் பின், மழவதரையர் வைத்திருந்த வீட்டுக் காவலிலிருந்து நங்கையை விடுவிக்கும் ஆணையோடு அவன் செம்மணித் துறைக்குத் திரும்பினான். மணற்பரப்பில் குதிரைகள் பெரும்பாலும் இல்லை. உப்பு வண்டி இழுக்கவும், மலைப்பாதையில் பொதி சுமக்கவும், ஊர் ஊராகச் செய்தி கொண்டுபோகவும் அவற்றை அவள் காவலில் இருந்தபடியே ஆட்களிடம் சொல்லி ஒன்றிரண்டாகப் பல திசைக்கும் அனுப்பிவிட்டிருந்தாள்.

மாளிகைக்குள் நுழைந்தவன் திடுக்கிட்டு நின்றான். கூடம், தாழ்வாரம், பூசையறை எங்கும் ஆளுயரக் குழிகள்! புதையல் தேடி மழவதரையரின் ஆட்கள் தரையையெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மண்மேடு ஒன்றின்மீது நங்கை அமர்ந்திருந்தாள். புடவை முழுதும் புழுதி.

எயினன் மண்டியிட்டு ஆணையோலையை அவள் முன் நீட்டினான். "இந்த வீட்டை முதலில் துருவியவன் நான். என்னை மன்னிக்க வேண்டும்."

அவள் ஓலையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"உம் மாமன் பதினேழு குழி தோண்டியிருக்கிறார். நிரப்ப ஆள் கிடைக்கவில்லை."

"நான் நிரப்புகிறேன்."

"படைத்தலைவர் மண் சுமப்பாரா?"

"படைத்தலைவன் இப்போது இல்லை. எயினன் இருக்கிறான்."

"குழிகள் நிரம்பிய பிறகு?"

அவன் முகத்தில் ஏறிய செம்மையைச் சாளரத்தின் வழியே விழுந்த மாலை வெயில் மறைத்துக் காப்பாற்றியது. குனிந்து மண்வெட்டியை எடுத்தான், கூடையை நிறைத்தான். தூக்கப் போனபோது கூடை எதிர்பார்த்ததைவிட இலேசாக எழுந்தது. நிமிர்ந்து பார்த்தான். கூடையின் மறுபுறத்தை நங்கை பிடித்துக்கொண்டிருந்தாள்.