தாண்டிச் சென்ற தாம்பூலம்

செவ்வானத்தின் கடைசிச் சிவப்பும் வடிந்து, வெள்ளாற்றின் கீழ்க்கோடியில் கடம்பவனத்துக்கு மேலாக முழுநிலவு தலைகாட்டிய அந்த அந்திப் பொழுதில், ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு படைகள் பாசறை அமைத்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தன. வடகரையில் எயில்நாட்டுப் படை. தென்கரையில் மாறைநாட்டுப் படை. நடுவே நீரெல்லாம் வெள்ளியாய் ஓடிய அழகை ரசிக்க ஒருவருக்கும் மனமில்லை. வாசகர்களே, நமக்கும் நேரமில்லை! வடகரையின் நடுக்கூடாரத்தில், கைகள் பின்னால் கட்டப்பட்டு, கோபத்தில் கொதித்தபடி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் போவோம்.

உப்பு வணிகன் வேடத்தில் ஆற்றின் ஆழம் பார்க்க வந்த மாறைநாட்டு ஒற்றன் அவன். கழியை நீரில் இறக்கும் முன்பே காவலர்கள் பிடித்துவிட்டார்கள். பொழுது விடிந்தால் தலை போய்விடும். அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தன்னை விசாரிக்க வரப்போகிறவன் யார் என்ற நினைவுதான் அவனுக்கு ஆத்திரமூட்டியது.

வந்துவிட்டான் அவன்! எயில்நாட்டுப் படைத்தலைவன் கொற்றன்.

"தலைவரே, உப்பு வணிகன் என்கிறான். ஆனால் உப்பு விற்பவனுக்குள்ள பணிவு பேச்சில் மருந்துக்கும் இல்லை" என்றான் காவலன்.

கொற்றன் விளக்கை உயர்த்தி, கைதியின் ஒட்டுத்தாடியைப் பற்றி இழுத்தான். தாடி கையோடு வந்தது. அதன்பின் இருந்த முகத்தைக் கண்டதும் அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"வெளியே நில்லுங்கள்" என்று காவலர்களை அனுப்பினான். "ஏறரே! தென்கரையில் தங்களை நலமாக வைத்திருக்கிறார்களா?"

"தங்கள் கரிசனத்துக்கு நன்றி, படைத்தலைவரே! அங்கே தாம்பூலத் தட்டு என்னைத் தாண்டிப் போவதில்லை."

இது என்ன தாம்பூலப் பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். திரும்பி வருவது நிச்சயமில்லாத காரியத்துக்கு ஆள் வேண்டுமானால், படைத்தலைவன் வெற்றிலைத் தட்டை ஏந்தி வீரர்களின் வரிசைமுன் வருவது அவ்விரு நாடுகளிலும் வழக்கம். எடுப்பவன் உயிரைப் பணயம் வைத்தவன். எடுக்காவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் ஒருவன்முன் நிற்காமல் தட்டு தாண்டிப் போனால், இவன் கோழை என்று படை முழுவதும் அறியப் பறையறைந்ததாகும். ஏறனும் கொற்றனும் எயில்நாட்டுப் படையில் ஒரே இலையில் உண்டு, ஒரே போர்வையில் உறங்கிய காதலர்கள். படையில் அதை அறியாதவர் இல்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாதவர்கள் அவ்விருவர் மட்டுமே! அப்படியிருக்க, சென்ற கார்காலத்தில் ஏறன் நீட்டிய கையைக் கண்டும் காணாதவன் போல் கொற்றன் தட்டை நகர்த்திக்கொண்டு போய்விட்டான். பொழுது விடிவதற்குள் ஏறன் ஆற்றைக் கடந்து பகைவரிடம் சேர்ந்துவிட்டான்.

கொற்றன் பல்லைக் கடித்தான். மரியாதை பறந்தது.

"அந்த வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தெரியுமா உனக்கு?"

"தெரியாமல் என்ன? எனக்குப் பதில் வெற்றிலை எடுத்த வெண்ணி, என் தோளை உரசிக்கொண்டு நின்றவன்! அவன் தாயின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?"

"நீ சாகக் கூடாதென்றுதான் நகர்த்தினேன்!"

ஏறனுக்குக் கோபம் இருமடங்காய்ப் பொங்கியது.

"அதைச் சொன்னால் என்ன? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? கல்லுளிமங்கா!"

"ஆயிரம் பேர் நடுவே என்ன சொல்ல? இரவு உன் கூடாரத்துக்கு வந்தேன். விளக்கு அணைந்திருந்தது. தூங்கிவிட்டாய் என்று திரும்பிவிட்டேன்."

"தூக்கமா! அழுவதை நாலு பேர் பார்க்கக் கூடாதென்று அணைத்தேனடா! உன் காலடி ஓசையைக் கேட்டேன். உள்ளே வருவாய் வருவாய் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்!"

"கூப்பிட்டிருக்கலாமே!"

"நான் ஏன் கூப்பிட வேண்டும்? அவமானப்பட்டவன் நீயா, நானா?"

அட, இரண்டு பேர் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று முட்டவிடலாமா என்று எனக்கே ஆத்திரம் வருகிறது! ஒருவன் கேட்க மாட்டான். மற்றவன் சொல்ல மாட்டான். இந்த வீம்புக்கு நடுவே வெண்ணி செத்துப்போனான்.

கொற்றன் குறுவாளால் கயிற்றை அறுத்தான். "பின்புறம் நாணல் புதரில் ஓடம் இருக்கிறது. அரசர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். போய்விடு."

"இப்போதும் என்னைக் கேட்காமல் நீயே முடிவு செய்கிறாயா?"

"போ என்றால் போயேன்!"

ஏறன் கூடாரத்தின் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'நீ இல்லாமல் என்னால் முடியவில்லை' என்று கொற்றன் சொன்னால் போதும். விடியும்போது தலையைக் கொடுக்கவும் ஏறன் தயார், அவனை ஓடத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடவும் தயார். ஆனால் கொற்றனின் முதுகுதான் தெரிந்தது. 'நானும் உன்னோடு இருக்க வேண்டும்' என்று ஏறனாவது சொன்னானா? அவனும் சொல்லவில்லை. துடுப்பால் தண்ணீரை அடி அடியென்று அடித்துக்கொண்டு போனான்.

தென்கரையில் மாறைநாட்டுத் தலைவர் விழுப்பரையர் கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தார்.

"நாளைக் காலை முதலில் ஆற்றைக் கடந்து, கொற்றன் தலையைக் கொண்டு வருபவர் யார்?"

தட்டு முதல் வீரனை அடைவதற்குள், அப்போதுதான் கரையேறிய ஏறன் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வெற்றிலையை எடுத்துவிட்டான்.

"பலே, ஏறரே! அவன்மீது உமக்கு அவ்வளவு வஞ்சமா?"

"ஆறாத வஞ்சம், ஐயா! வேறொருவர் வாள் அவன்மேல் படக் கூடாது. நாளை அவன் எதிரே முதலில் நிற்பவன் நான். இது என் சபதம்!"

படை ஆரவாரித்தது. வஞ்சம் என்றது பொய்யல்ல. ஆனால் அவன் மனத்துக்குள் செய்துகொண்ட சபதம் வேறு. வாளை உருவும் முன்னால், இந்தத் தடவை, வெட்கத்தை விட்டு, 'உன்னோடு இருக்கலாமா' என்று வாயைத் திறந்து கேட்டுவிடுவது. பிறகு கொற்றன் வெட்டினாலும் சரி, கட்டிக்கொண்டாலும் சரி.

பாவி, ஒன்றை மறந்துவிட்டான்! தாம்பூலம் எடுத்தவன் பெயரை முரசறைந்து பகைவருக்கும் அறிவிப்பது வழக்கம்.

"எயில்நாட்டாரே, கேளுங்கள்! கொற்றன் தலைக்குத் தாம்பூலம் எடுத்தவர் ஏறர்!"

முரசின் ஒலி ஆற்றைக் கடந்து போயிற்று. சற்று நேரத்தில் எதிர்க்கரையின் நடுக்கூடாரத்தில் விளக்கு அணைந்தது.

"பார்த்தீரா! உம் பெயரைக் கேட்டதும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான்!" என்று விழுப்பரையர் சிரித்தார்.

"தூங்கவில்லை" என்றான் ஏறன். விளக்கை அணைத்துவிட்டுக் கிடப்பது எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? இடுப்பளவு நீரில் இறங்கி, தொண்டை கிழியக் கூவினான்:

"கொற்றா! கொற்றா!"

போருக்கு அறைகூவல் விடுக்கிறான் என்று எண்ணிய மாறைப் படை முழுவதும் அவனோடு சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கொக்கரித்தது. அந்தக் கூச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. எதிர்க்கரையில் விளக்கு மறுபடி எரியவுமில்லை.