பில்லில் இல்லாத கார்டு

காலை 11.20, கம்ப்யூட்டர் கடை. கிராபிக்ஸ் கார்டு பெட்டியைத் திறந்த சர்வீஸ் அக்காவின் முகம் வெளுத்துப் போனது. உள்ளே வெறும் ஸ்பாஞ்ச். கார்டைக் காணோம்.

"கடையில இருந்த கடைசி பீஸ்!" முதலாளி கத்தினார். "பத்து அம்பதுக்கு நானே திறந்து காட்டினேன். அப்புறம் உன் மேசையிலதானே இருந்துச்சு?"

"பதினொரு மணிக்கு மானிட்டர் எடுக்க மாடிக்குப் போனேன் சார். பத்து நிமிஷம்தான்."

"பன்னெண்டு வருஷமா நம்பினதுக்கு நல்ல பலன் காட்டிட்டே. நாளையிலேருந்து வர வேணாம்."

 அவள் கையிலிருந்த ஸ்குரூடிரைவரால் காலிப் பெட்டியை இன்னொரு முறை கிளறிப் பார்த்தாள்.

கார்டை வாங்க வந்தவள் கட்டடக்கலை மாணவி. படிப்புக்கு வரைபடம், பொழுதுபோக்குக்கு கேம். இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர் என்று ஒரு மாதம் அலசி ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். துணைக்கு வந்த சித்தி, விடுப்பில் இருந்த குற்றப்பிரிவு ஆய்வாளர். மாணவி வழியெல்லாம் எடுத்த பாடத்தில் அவருக்குக் காது புளித்திருந்தது. "கரண்ட்டைக் குடிக்கிறதே இந்தக் கார்டுதான் சித்தி. அது இல்லாத மெஷினுக்குச் சின்ன பவர் சப்ளையே தாராளம்."

சித்தி கதவை மறித்து நின்றார். கடையில் இன்னும் ஒருவர்தான் இருந்தார். தடித்த கண்ணாடி போட்ட வாடிக்கையாளர். காலடியில் அவர் வாங்கிய கேபினட், கம்ப்யூட்டரின் வெளிக்கூடு, அட்டைப்பெட்டியோடு.

"உங்களுக்கு என்ன வேலை சார்?"

"டைப்பிங், ஈமெயில். அந்தக் கார்டை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?" கண்ணாடிக்காரர் தன் பையைத் தானே கவிழ்த்துக் காட்டினார். குடையும் சாவிக்கொத்தும் விழுந்தன.

"பில்?"

முதலாளி இரண்டு நீட்டினார். "10.42-க்கு ஒண்ணு. அப்புறம் பவர் சப்ளையை மட்டும் மாத்தினாரு. 450 வாட் வேணாம், 750 கொடுங்கன்னு. அது 11.12."

சித்தி இரண்டையும் ஒருமுறை படித்தார். நிமிர்ந்தார்.

"கேபினட்டைத் திறங்க சார்."

"எதுக்கு?"

"டைப்பிங்குக்கு 450 போதும்னு நீங்களே வாங்கினீங்க. அரை மணி நேரத்துல அவ்வளவு கரண்ட் குடிக்க உங்க மெஷினுக்குள்ள என்ன வந்துச்சு? ரெண்டு பில்லுலயும் கார்டு இல்ல. திருடிட்டு மறுபடி இந்தக் கடைக்கு வர முடியாதுன்னுதான், கையோட மாத்திக்கிட்டீங்க."

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்தபடி கேபினட்டைத் திறந்தார். உள்ளே, கைக்குட்டையில் சுற்றிய கார்டு.

முதலாளி சர்வீஸ் அக்கா பக்கம் திரும்பினார். "சரி சரி, வேலையைப் பாரு."

சர்வீஸ் அக்கா ஸ்குரூடிரைவரை மேசையில் வைத்தாள். 

"எல்லார் முன்னாடியும் என்னைத் திருடின்னீங்க சார். அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. அப்புறம் பார்க்கிறேன்."

 முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார்.

"என் தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

அவர் அவளிடம் மரியாதையாகப் பேசியது அதுவே முதல் முறை. அவள் கார்டை வாங்கி, மாணவியின் கம்ப்யூட்டர் மதர்போர்டில் அழுத்தினாள். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது.