வேலம்பாசி ஒடியும் சத்தம்

குளியலறை மூலையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு ஒரு சல்லடைத் தட்டு உண்டு. அதிலிருந்து பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மெல்லிய தண்டு, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பொடி இலைகள். சோப்பு அக்கா வாளித் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் ஓட்டைக்குள் ஓடியது. கொழுந்து மட்டும் ஓட்டத்துக்கு எதிராக, வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

வேறு வீடாக இருந்தால் அது அங்கேயே நின்று பூத்துக் காய்த்திருக்கும். இது சோப்பு அக்கா வீடு. பால்காரர் மிதித்த படியைக் கழுவிவிட்டுத்தான் பாலையே எடுப்பாள். சோப்பையும் சோப்புப் போட்டுக் கழுவுவாள் என்பது எதிர்வீட்டு டைலரம்மா தெருவுக்குத் தந்த தகவல், பொய்யும் இல்லை. பச்சையைக் கண்டதும் விரல் போய்விட்டது. கிள்ளினாள்.

டிக்.

ஈர்க்குச்சி ஒடிந்தாற்போல, சின்ன, சுத்தமான சத்தம். கிள்ளியதை ஓட்டைக்குள்ளேயே தள்ளி, பினாயிலைத் தாராளமாக ஊற்றினாள். மறுநாள் அங்கே ஒரு கொத்தே நின்றது.

அது என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்காரருக்குப் பிழைப்பே அதுதான். ஊர் குடிக்கிற ஏரியில் எவனோ ஒரு புண்ணியவான் தன் மீன்தொட்டியைக் கொட்டிக் கழுவிவிட்டுப் போக, தொட்டியில் அழகுக்கு ஆடிக்கொண்டிருந்த வேலம்பாசி ஏரி முழுக்கப் பாய் விரித்துவிட்டது. அதை அள்ளுகிற படகை ஓட்டுபவர் இவர். வேலை முடிந்ததும் பூட்ஸ், கயிறு, வலை எல்லாவற்றையும் கரையிலேயே கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்பது அங்கே கட்டளை. ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தால்கூடப் போதும், அடுத்த குளமும் போச்சு. பூட்ஸைக் காயவைத்தார்கள். படகிலிருந்து தவறி விழுந்து, பாசிக்கடியில் சிக்கி, வயிறு முட்ட ஏரியைக் குடித்துவிட்டு எழுந்த மனுஷனைக் காயவைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வண்டியில் ஏற்றி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு அவரைப் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். வெளியே ஒட்டியிருந்ததெல்லாம் போயிற்று. உள்ளே போனதைத் தேய்க்க எந்தக் கடையில் பிரஷ் விற்கிறார்கள்?

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "சளி" என்றார். வாயை மூடினால் வயிறு வலிக்கும் ரகம் அவள் வீட்டுக்காரர். அவர் பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டை நிறுத்தினார். தண்ணீர் மட்டும் குடித்தார், சொம்பு சொம்பாக, கடைசியில் வாளியிலேயே வாய் வைத்து. காலையில் கிழக்கு ஜன்னல், சாயங்காலம் மேற்கு ஜன்னல். வெயில் நகர நகர அவர் முகமும் நகர்ந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. சண்டை போடவும், போட்ட சண்டையைச் சமாதானம் பண்ணவும் அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆள். ராத்திரி தூக்கத்தில் அவர் மேல் கை பட்டால், நனைத்த துணியைத் தொட்டதுபோல இருந்தது.

டைலரம்மா மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் பொழுதன்னிக்கும் ஜன்னல்ல உட்கார்ந்து எங்க வீட்டையே பார்க்கறாரே. என் அழகு இப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதாமா?"

"உடம்பு சரியில்லக்கா."

"உடம்பு சரியில்லாதவரா? ஆளு பளபளன்னு இருக்காரே." சொல்லிக்கொண்டே மூக்கைச் சுருக்கினாள். "ஆமா, என்னடி இது, உன் வீட்ல குளத்து வாடை?"

சோப்பு அக்கா வீட்டில் வாடை! வேறு நாளாக இருந்தால் அந்தச் சொல்லுக்கே ஒரு வாரம் படுத்திருப்பாள். இப்போது அவளுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. அது குளியலறையிலிருந்து வரவில்லை, அவர் மூச்சு விடும்போது வந்தது.

அன்று மத்தியானம் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். காது மடலுக்குள் பச்சை தெரிந்தது. வளையம் வளையமாக இலை. வேண்டாம் என்று மனசு சொல்லி முடிக்கவில்லை.

டிக்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "ஒடிச்சிட்டியா?"

"வலிச்சுதாங்க?"

"எனக்கு வலிக்கல" என்றார். அந்த 'எனக்கு'வை அழுத்திச் சொன்னார்.

விடிந்தபோது காதில் ஒரு கொத்து, மூக்கில் ஒன்று, இடது கண்ணின் ஓரத்தில், இமை மயிரோடு மயிராக, இன்னொன்று.

அவரோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் உண்டு. ஏரிக்குள் மூழ்கிக் கையால் பாசி பிடுங்குபவன். முக்குளிப்பான் என்று நீர்ப்பறவையின் பெயரை அவனுக்கு வைத்தவரே இவர்தான். அவனுக்குப் போன் போட்டாள்.

"வீட்ல பாசி வளருது தம்பி. என்ன பண்ணாப் போகும்?"

"எங்க அண்ணி, குளியலறையிலயா?" சிரித்தான். "உங்க வீட்டுக் குளியலறையில அதுக்கு என்ன துணிச்சல்!"

"...ஆமா. குளியலறையிலதான்."

"ஒடிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

 அவன் சிரிப்பு நின்றது.

"ஒடிக்கவே கூடாது அண்ணி. நாங்க பண்ண தப்பே அதுதான். சீக்கிரம் முடிச்சிடலாம்னு மெஷினை விட்டு வெட்டினோம். விழுந்த துண்டெல்லாம் செடியாச்சு. அப்புறம் புத்தி வந்து, மேல கறுப்பு விரிப்பைப் போட்டு மூடினோம். வெளிச்சம் இல்லன்னா தானா அழுகிச் செத்துடும்."

"அந்த விரிப்புக்குக் கீழ வேற உயிர் இருந்தா?"

"மீனு நீந்தித் தப்பிச்சிடும் அண்ணி. நகரத் தெரியாததுதான் சாகும்."

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அவர் நகராமல் உட்கார்ந்திருந்தார்.

கறுப்புத் துணிக்கு டைலரம்மாவிடம்தான் போக வேண்டியிருந்தது. "போட்டோ ஸ்டுடியோ வைக்கப் போறியா? முதல் படம் என்னை எடுடி" என்று அளந்து கொடுத்தாள். சாமான் அறையின் ஜன்னல், கதவிடுக்கு, ஓட்டின் விரிசல் எல்லாவற்றிலும் துணியை மடித்து ஆணி அடித்தாள். அவர் தானாகவே எழுந்து வந்தார். வாசலில் நின்று, பழைய குரல் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டிச் சொன்னார்.

"நல்லா மூடு குட்டி. நான் கெஞ்சினாலும் திறக்காதே. கெஞ்சறது நானா இருக்காது."

மூடினாள். ஆனால், கட்டின புருஷனைத் தாகத்தில் விட எந்த மனசு கேட்கும்? ஒரு வாளித் தண்ணீரை மட்டும் உள்ளே வைத்துவிட்டுத்தான் தாழ் போட்டாள்.

முதலில் கெஞ்சியது. "குட்டி, ஒரு பொட்டு வெளிச்சம்" என்றது. கல்யாணமான புதிதில் அவர் பேசியதுபோலக் குழைந்தது. அவளைப் பெண் பார்க்க வந்தபோது பயத்தில் அவர் உளறியதைச் சொல்லிக் காட்டியது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரிந்திருந்தது. அவள் கதவுக்கு வெளியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கெஞ்சல் நின்றது. சுவரில் ஈரமான எதையோ இழுத்துத் தடவித் தேடுகிற சத்தம், ஒவ்வொரு துணியாக, ஒவ்வொரு ஆணியாக. பிறகு அதுவும் ஓய்ந்தது. அழுகல் நாற்றம் வரும் என்று காத்திருந்தாள். வந்தால் எது அழுகியது என்று எப்படித் தெரியும் என்பதை மட்டும் யோசிக்காமல் காத்திருந்தாள்.

நாற்றம் வரவில்லை. உச்சி வெயில் நேரம். எதிர்வீட்டில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ சைக்கிளைத் தள்ளி நிறுத்தச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே, டிக்.

வாளித் தண்ணீரில் ஏதோ விழுந்தது. பொளக்.

டிக். பொளக்.

ஒடிக்கிறார். தன் மேல் முளைத்ததைத் தானே ஒடித்துப் போடுகிறார்.

"ஒடிக்காதீங்க! ஐயோ, ஒடிக்காதீங்க!"

தாழை நீக்கினாள். போன் விளக்கைப் போட்டாள்.

அவர் வாளிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் இருட்டில் முளைத்த தண்டின் வெளுப்பு. காதில் இலை இல்லை. மூக்கில் இல்லை. கண்ணோரத்தில் இல்லை. முகம் துடைத்து வைத்ததுபோலச் சுத்தம்.

சிரித்தார். ஏரியில் விழுந்த பிறகு முதல் சிரிப்பு.

இடது கையைப் பார்த்தாள். அதில் சுண்டுவிரல் மட்டும் பாக்கி இருந்தது. வலது கையால் அதைப் பிடித்தார். நோகாமல், பூப் பறிப்பதுபோல, வளைத்தார்.

டிக்.

ரத்தம் இல்லை. ஒடிந்த இடத்தில் பச்சை ஈரம். நடுவில் ஊசித் துளைகள்.

பொளக்.

விளக்கை வாளிப் பக்கம் திருப்பினாள். வாளிக்குள் விரல்கள் மிதக்கவில்லை. நின்றன. ஒவ்வொரு நகத்தடியிலும் ஒரு வளையம் பொடி இலை. விளக்கை இடப்பக்கம் நகர்த்தினாள். இடப்பக்கம் சாய்ந்தன. வலப்பக்கம் நகர்த்தினாள். வலப்பக்கம்.

"இந்தக் கை முடிஞ்சுது குட்டி" என்றார். அவருடைய குரல்தான். பேச்சை நிறுத்தாத அந்தப் பழைய குரலேதான். "அந்தக் கைய ஒடிக்க எனக்கு விரல் இல்ல பாரு."

வலது கையை அவள் பக்கம் நீட்டினார்.

வாளிக்குள் இருந்தவை எல்லாம் அவள் பக்கம் திரும்பின.